சின்னக் குழந்தைகளோடு டெல்டா கடற்கரைக்கு: தங்குமிடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரை வரை போய், அங்கிருந்து மேற்கே திரும்பி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மனோரா வரை ஓடும் கரை இது. ரிசார்ட், காட்டேஜ், கோயில் ஊர் லாட்ஜ், அரசு விடுதி எல்லாம் கலந்து கிடக்கும். ஏழு வயதுக்குள் குழந்தை இருக்கிற குடும்பம் இதில் எதைப் பிடிப்பது என்பதற்கான வழிகாட்டி இது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரைக்கு வடக்கே இருக்கும் கடல் சின்னக் குழந்தை குளிக்கிற கடல் அல்ல. காலை நனைக்கலாம், மணலில் விளையாடலாம், அவ்வளவுதான். இரண்டு நாள் தங்கினால் கடலோரத்தில் கழிவது மொத்தம் ஐந்தாறு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் விடுதி வளாகத்துக்குள்தான். அதனால் “கடல் தெரிகிற அறை” என்பதற்குக் காசு கொடுப்பதைவிட நிழல், நல்ல தண்ணீர், வேலி போட்ட நீச்சல்குளம், ராத்திரியில் எட்டக்கூடிய ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்காகத் தேடுவதே சரி.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பொங்கல் கழிந்து மார்ச் கடைசி வரைதான் மிக நல்ல காலம். வாடைக்காற்று அடங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாவுக்கு ஆண்டின் பெரும்பங்கு மழை இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருவதால் பலர் அப்போதுதான் கிளம்புகிறார்கள். போவதாக இருந்தால், தேதி மாற்ற அனுமதிக்கும் விடுதியில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

கோடை விடுமுறையில் போகிறவர்கள் மே 4 முதல் 28 வரையிலான கத்திரியைத் தவிர்க்கப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், வகை குறையும், விலை ஏறும். மீன் சாப்பிடத்தான் போகிறோம் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள்.

கூட்ட நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணிப் பெருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமெல்லாம் நடைப்பயணிகள் நிறைந்திருப்பார்கள். கார் ஊர்ந்துதான் போகும். நாகூர் கந்தூரி பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும், கேட்டுவிட்டுப் போங்கள். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பூம்புகாரிலும் கோடியக்கரையிலும் தர்ப்பணக் கூட்டம். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இன்னொன்று: சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களால் காரைக்கால் அறைகள் வெள்ளி இரவே நிரம்பிவிடும். அங்கே தங்குவதானால் ஞாயிறு மாலை முதல் செவ்வாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். அறையும் கிடைக்கும், பேரம் பேசவும் இடம் இருக்கும்.

2. எந்தக் கரை என்று பாருங்கள்

கோடியக்கரை முனையில் கரை திரும்புகிறது. வடக்கே திறந்த வங்கக் கடல்: அலை பலமாக உடையும், கரை சட்டென்று ஆழமாகும். மேற்கே பாக் நீரிணை: அலை குறைவு, ஆழமும் குறைவு, ஆனால் அடியில் சேறு. இந்த வேறுபாடு தெரியாமல் “கடற்கரை” என்ற ஒரே சொல்லை நம்பிப் பதிவு செய்வதுதான் முதல் தவறு.

தரங்கம்பாடி: குழந்தையோடு போக இந்தக் கரையிலேயே சிறந்த இடம் என்பது எங்கள் கருத்து. 1620-இல் டேனியர் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை, அதன் முன் திறந்த வெளி, வண்டி அதிகம் ஓடாத பழைய தெரு என்று தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு நடக்க முடிகிற ஊர். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் மட்டும் பாறைகளும் கொட்டிய கற்களும் உண்டு. அங்கே குழந்தையை இறக்கிவிடாதீர்கள். அறைகள் எண்ணிக்கையில் குறைவு, ஒரு மாதம் முன்பே பேசிவிட வேண்டும்.

காரைக்கால்: நடைபாதை, பூங்கா, விளக்கு, கடைகள், மருந்துக்கடைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரம். கைக்குழந்தைக்கு வசதியான ஊர். புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் மது விலை குறைவு. வார இறுதியில் விடுதிகளில் குடிக்கிற கூட்டம் சேரும். “உங்கள் வளாகத்தில் பார் இருக்கிறதா, அறைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்?” என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அரசலாற்று முகத்துவாரத்தின் பக்கம் போக வேண்டாம்.

வேளாங்கண்ணி: எல்லா விலையிலும் அறை உண்டு, ராத்திரி எந்நேரமும் சாப்பாடு கிடைக்கும். பேராலயமே நடத்தும் விடுதிகளும் உண்டு. ஆனால் கரையில் எப்போதும் நெரிசல், அலையும் கடுமை, கூட்டத்தில் குழந்தை தொலைகிற ஆபத்தும் இங்கேதான் அதிகம். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள்.

பூம்புகார்: சிலப்பதிகாரக் கலைக்கூடம் பார்க்க அருமை. கடலரிப்புக்குக் கொட்டிய கற்களும் காவிரி முகத்துவாரமும் இருப்பதால் தண்ணீரில் கால் வைக்க இடம் குறைவு. காலையில் வந்து மாலையில் திரும்பும் ஊராக வைத்துக்கொள்வது நல்லது.

கோடியக்கரை: வெளிமானும் குளிர்காலத்தில் பூநாரையும் பார்க்கலாம். நாலு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மறக்க முடியாத இடம். அதற்குக் கீழே வேண்டாம்: கடைகள் இல்லை, ஆஸ்பத்திரிக்கு வேதாரண்யம் ஓட வேண்டும், கொசுவும் அதிகம்.

மனோரா, அதிராம்பட்டினம் பக்கம்: அலை அடங்கிய கடல். இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு நிலை மனோரா நிற்கிற கரை. தண்ணீர் அமைதியாக இருக்கிறதே என்று குழந்தையை இறக்கினால் முழங்கால்வரை சேறு பிடிக்கும். சேற்றில் திருக்கை புதைந்து கிடக்கும், அதன் வால்முள் குத்தினால் கடும் வலி. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் படகுப் பயணத்துக்கு வனத்துறை அனுமதி தேவை. குழந்தை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏறாதீர்கள். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மேலே போய்விடும், குழந்தை நழுவி உள்ளே போய்விடும்.

3. போனில் கேட்க வேண்டியவை

படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். மாலை ஏழு மணிக்கு மேல் விடுதியின் வரவேற்புக்குப் போன் போடுங்கள். அந்த நேரத்தில் எடுக்க ஆள் இல்லாத விடுதியில் நடுராத்திரி குழந்தைக்கு வெந்நீர் கேட்டாலும் ஆள் வராது.

கடல் எவ்வளவு தூரம்? “பக்கத்திலேதான்” என்பார்கள். “நடந்தால் எத்தனை நிமிடம், நடுவில் மெயின் ரோட்டைக் கடக்க வேண்டுமா?” என்று கேளுங்கள். பெயரில் பீச் இருந்தாலும் பல விடுதிகள் சாலையின் மேற்கே, வயல் ஓரத்தில் இருக்கும். கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நீங்களே அளந்துவிடுங்கள். ரொம்பப் பக்கத்தில் இருப்பதும் நல்லதல்ல. வளாகத்திலிருந்து நேராக மணலுக்கு இறங்கும் வாசலில் பூட்டுள்ள கேட் இருக்க வேண்டும். நடக்கப் பழகிய குழந்தை கண்மூடித் திறப்பதற்குள் அங்கே போய்விடும்.

குளத்தின் ஆழம் என்ன? குழந்தைகளுக்குத் தனிக்குளம், இரண்டடிக்கு மேல் ஆழமில்லாமல் இருக்க வேண்டும். பெரிய குளத்துக்கும் அதற்கும் நடுவே தடுப்பு வேண்டும். “ஒரே குளம், ஒரு பக்கம் ஆழம் குறைவு” என்றால் அது குழந்தைக் குளமே இல்லை. சரிவில் கால் வழுக்கினால் நேரே ஆழத்துக்குத்தான் போகும். குளோரின் தினமும் அளக்கிறார்களா என்றும் கேளுங்கள்: லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச் 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி சுத்தத்தின் அடையாளம் அல்ல. வியர்வையும் சிறுநீரும் கலந்த குளத்தில்தான் அந்த நெடி வரும். பல இடங்களில் பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடை கையோடு கொண்டுபோனால், அங்கேயே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருக்காது.

தண்ணீர் எப்படி? இந்தக் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குளிக்கிற தண்ணீரே உப்பாக இருந்தால் கைக்குழந்தையின் தோல் வறண்டு சிவக்கும்; கடைசிக் குளியலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் தருவார்களா என்று கேட்டு வையுங்கள். பால்பவுடர் கலக்க, புட்டி கொதிக்கவைக்க, 20 லிட்டர் கேன் அறைக்கே வருமா என்பதும் முக்கியம். வரவேற்பறை ஃபில்டர் தண்ணீரைப் புட்டிப் பாலுக்கு நம்ப வேண்டாம்.

ஜெனரேட்டரில் எது ஓடும்? “ஜெனரேட்டர் இருக்கு சார்” என்பதோடு நிறுத்தாதீர்கள். ஏசி ஓடுமா, ஃபேனும் லைட்டும் மட்டுமா? மே மாதத்தில் இது ஒன்றே குழந்தை தூங்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

கொசுவலையும் ஜன்னல் வலையும். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் உப்பங்கழி. இருட்டியதும் கொசு படையெடுக்கும். ஜன்னலில் வலை இல்லை என்றால், வீட்டிலிருந்து மடக்குக் கொசுவலை எடுத்துப் போங்கள். ஓலைக் குடில் படத்தில் அழகு. கைக்குழந்தைக்குக் கூரை வேய்ந்த குடிலைவிடக் கதவு இடுக்கில்லாத கான்கிரீட் அறையே மேல். தேளும் பூரானும் ஓலைக்குள் தங்கும்.

தரைத்தள அறை, இந்திய வகையா மேற்கத்திய வகையா கழிவறை, அறையில் கெட்டில் உண்டா, காலை இட்லி எத்தனை மணிக்கு ஆரம்பம்? எட்டு மணிக்குத்தான் சமையலறை திறக்கும் என்றால், ஆறு மணிக்கே எழுகிற குழந்தைக்கு நீங்கள்தான் ஏதாவது வைத்திருக்க வேண்டும்.

4. பணம் எப்படிக் கணக்கிடுவது?

சொல்கிற வாடகை வேறு, கட்டுகிற தொகை வேறு. உதாரணமாக ஓர் அறை ஒரு நாளைக்கு 4,000 ரூபாய், கூடுதல் படுக்கை 800, இரண்டு இரவு என்றால் 9,600. அதன்மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். ஆக 480 சேர்ந்து 10,080. ஜிஎஸ்டி எண் இல்லாத சிறிய விடுதி அந்த வரியை வசூலிக்க முடியாது. பில்லில் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைக் கட்டணம் எந்த வயதிலிருந்து, படுக்கை இல்லாமல் என்றால் இலவசமா, காலை உணவு குழந்தைக்கும் சேர்த்தா என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். அதே செய்தியில் இதையும் கேட்டு வாங்குங்கள்: “புயல் எச்சரிக்கை வந்தால் முன்பணம் போகாமல் தேதியை மாற்றித் தருவோம்.” வாய்ச்சொல்லுக்கு வரவேற்பறையில் மதிப்பில்லை, அன்றைக்குப் பேசியவர் இன்றைக்கு ஷிப்டில் இருக்கமாட்டார்.

முன்பணம் கால்பங்குக்கு மேல் கட்டாதீர்கள். தேடலில் முதலில் வருகிற போன் எண் விடுதியுடையதாகவே இருக்கும் என்று நம்பவும் கூடாது. போலி எண்ணை ஏற்றிவைத்து முழுப் பணத்தையும் கறக்கும் கும்பல்கள் கோயில் ஊர் விடுதிகளின் பெயரில் இயங்குகின்றன. யுபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். தனிநபர் பெயராக இருந்தால் நிறுத்திவிட்டு வேறு வழியில் எண்ணைச் சரிபாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை முடக்க வாய்ப்பு.

5. எடுத்துப்போக வேண்டிய தாள்கள்

பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் முகவரியுள்ள அடையாள அட்டை: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு. பான் அட்டையில் முகவரி இல்லாததால் விடுதியில் ஏற்கமாட்டார்கள். கணவன் கொடுத்தால் போதும் என்று மனைவி ஆதாரை வீட்டில் வைத்துவிட்டு வருவது வழக்கமாக நடக்கும் தவறு. குழந்தைக்குப் பிறப்புச் சான்று நகல் அல்லது நீல நிற பால ஆதார். கட்டணச் சலுகைக்கு வயதைக் காட்ட இதுதான் வேண்டும். தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் உறவுகளோடு போகிறவர்கள் கவனிக்க: குழந்தையிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால், விடுதி 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். பதிவு வசதி இல்லாத லாட்ஜ்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். முன்பே கேட்டுவிட்டு, கடவுச்சீட்டும் விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையும் அசலாக எடுத்துப் போங்கள்.

6. போய்ச் சேரும் நேரம்

சென்னை எழும்பூரிலிருந்து காரைக்காலுக்கு இரவில் கிளம்பும் ரயில் திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக விடியற்காலையில் கொண்டுவந்து சேர்க்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஐந்து வயதுக்குள் குழந்தைக்குப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் படுக்கை இல்லாமல் என்றால் அரைக்கட்டணம். படுக்கை வேண்டும் என்றால் முழுக்கட்டணம்.

சிக்கல் எங்கே என்றால், ரயில் விடியலில் வந்துவிடும்; ரிசார்ட் அறை பகல் பன்னிரண்டுக்குத்தான் கிடைக்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற குழந்தையோடு வரவேற்பறை சோபாவில் ஆறு ஏழு மணி நேரம் உட்கார முடியாது. சீக்கிரம் அறை தர என்ன கட்டணம் என்று முன்பே பேசுங்கள். கோயில் ஊர் லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு உண்டு: காலை ஐந்துக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஐந்துக்குக் காலி செய்ய வேண்டும், தாண்டினால் இன்னொரு நாள் வாடகை. பகல் ரயிலோ காரோ என்றால் இந்தத் தொல்லை கிடையாது.

7. சாவி கையில் வந்ததும் பத்து நிமிடம்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒருவர் குழந்தையை வெளியே வைத்துக்கொள்ள, இன்னொருவர் அறையைப் பாருங்கள். பால்கனிக் கம்பி இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். பால்கனியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே எடுத்துவிடுங்கள். அதுதான் குழந்தைக்கு ஏணி. குளியலறைக் கதவை வெளியிலிருந்து திறக்க முடிகிறதா? கீசர் குழாயைத் திறந்தால் எடுத்த எடுப்பில் கொதிநீர் வருகிறதா? நிரப்பி வைத்திருக்கும் வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் மெத்தை ஓரத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். குறை இருந்தால் அப்போதே படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டியைப் பிரித்தபின் அறை மாற்றித்தரச் சொன்னால் யாரும் அசையமாட்டார்கள்.

8. கடலோரத்தில்

காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலரை முதல் ஆறு. பத்து மணிக்கு மணல் குழந்தையின் பாதத்தைச் சுடும். கோடியக்கரைக்கு வடக்கே இது கிழக்குப் பார்த்த கரை; மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், சவுக்குத் தோப்பு இருக்கும் இடத்தில் அதன் நிழல் கடலை நோக்கி நீளும். அந்த நிழலில் உட்கார இடம் பிடியுங்கள்.

அலை திரும்பிப் போகும்போது காலடி மணலை வாரிக்கொண்டு போகும். பெரியவருக்குக் கெண்டைக்கால் அளவு தண்ணீர் மூன்று வயதுக் குழந்தைக்கு முழங்கால். அந்த இழுப்பில் அது உட்கார்ந்துவிடும், அடுத்த அலை மேலே விழும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்தபடி, கையில் போன் இல்லாமல். “எல்லாரும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்” என்கிற இடத்தில்தான் விபத்து நடக்கிறது; அதனால் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தை நல்ல இடம் என்று எண்ணாதீர்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் நிறம் கறுத்துத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களின் ஓரத்திலும் ஆற்று முகத்துவாரத்திலும் இந்த இழுப்பு எப்போதும் உண்டு. எங்கே இறங்கலாம் என்று வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவரைக் கேளுங்கள். அவர் “இன்னைக்கு வேண்டாம்” என்றால் திரும்பிவிடுங்கள்.

நாகை, காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது ஒன்றாம் எண்ணாக இருந்தாலும் அன்று குழந்தையைக் கடலில் இறக்கக் கூடாது. வானிலை ஆய்வு மையம், கடல் அலை எச்சரிக்கை தரும் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் ஆகிய இரண்டின் அறிவிப்பையும் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வானம் தெளிந்திருக்கும்போதே தூரத்துப் புயலின் பெரிய அலை வந்துசேரும்.

சாப்பாட்டில் ஒரு சொல்: குழந்தைக்கு வஞ்சிரமோ கொடுவாவோ கேளுங்கள், முள் எடுக்க எளிது. மத்தியும் நெத்திலியும் பெரியவர்களுக்கு.

9. உடம்புக்கு ஏதாவது என்றால்

பதிவு செய்யும் நாளிலேயே ஆஸ்பத்திரியைக் குறித்து வையுங்கள். தரங்கம்பாடியில் தங்கினால் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை. வேளாங்கண்ணி, நாகூர் என்றால் நாகப்பட்டினம். பெரிய சிக்கலுக்குத் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது தஞ்சாவூர். நாகை அரசு மருத்துவக் கல்லூரி ஒரத்தூரில் இருக்கிறது. எந்தப் பிரிவு ஒரத்தூரில், எது ஊருக்குள் என்பதை விடுதிக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரியில் தவறான வாசலில் போய் நிற்கக் கூடாது. ஆம்புலன்ஸ் 108, பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077.

வயிற்றுப்போக்குக்கு உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலம். பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஒரு டம்ளரில் கலந்து கொடுப்பது பலர் செய்வது. உப்பு அதிகமாகிக் குழந்தைக்குக் கேடு. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கும், அதை வாங்கிவையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். காய்ச்சல் மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கு ஏற்ப உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பையில் வையுங்கள்.

சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் தேய்க்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ உடனே ஆஸ்பத்திரி. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் நிச்சயம்.

தண்ணீரில் மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் தவறு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதிவிட்டு, நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். முப்பது அழுத்தம், இரண்டு ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். இதை ஒருமுறை பொம்மையில் செய்துபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இருமிவிட்டு எழுந்து விளையாடத் தொடங்கிய குழந்தையையும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரும். அதுவரை மூச்சு வேகத்தையும் உதட்டு நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.